விரைவோட்ட வீரர் டாமி ஸ்மித்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

'விளையாட்டும் உரிமையும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். பொருளோ பெரிது, கிடைத்துள்ள நேரமோ சிறிது. ஆகவே, ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதனைச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று கருதுகிறோம். அவர் அமெரிக்க நாட்டின் கறுப்பின விரைவோட்ட வீரர் டாமி ஸ்மித்.

ஒரு புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பதக்க மேடையின்மேல் மூவர் நிற்கின்றனர். இருவர் கறுப்பினத்தார். தலையைத் தாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த ஒரு கையை வான் நோக்கி உயர்த்தி நிற்கின்றனர். முன்னால் நிற்பவர் ஒரு வெள்ளையர். அவர் கை உயர்த்தவில்லை. 1968ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், மெக்சிகோ நகர ஒலிம்பிக் அரங்கில் எடுக்கப்பட்ட படம் அது. நாட்டுப்பண் இசைத்து முடியும் வரையில் நின்ற அந்தச் சிறிது நேரத்தைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஏதோ ஒரு கண நேரக் கோபத்தில் செய்த செயல் என்று எண்ணுவோரும் உண்டு. அவ்வாறு எண்ணுவது பிழை. அது பல ஆண்டுகள் கற்றும், நடந்தும், தோழர்களோடு வாதிட்டும் வந்தடைந்த முடிவு. அதன் விலையையோ அவர் அதன்பின் பல்லாண்டுகள் கொடுத்து வந்தார். இவ்விரண்டையும் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

கடல்கடந்த நாட்டான் ஒருவனின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் தீண்டத்தகாதார் நிலைக்கும் அமெரிக்காவில் அம்மக்களின் நிலைக்கும் பெரிதும் ஒற்றுமை உண்டு என்று அதில் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த முறையீட்டின் படிகளை அனுப்பி உதவுமாறு கேட்டார். டு போய்ஸ் அவர்களும் பரிவோடு மறுமொழி எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கத்தார் தம் இயக்கத்தின் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டனர். ஆகவே இது நெடுநாள் உறவு.

இனி அவர் வாழ்க்கைக்கு வருவோம்.

1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், டெக்சாசு மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்னும் ஊரில் டாமி ஸ்மித் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் ஏழாமவர். தந்தை ரிச்சர்டு ஸ்மித், தாய் டோரா. அவர்கள் வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் வளர்ந்த ஏற்பாடு இது. நிலம் ஒருவருக்குரியது. விதையும் கருவியும் உழவு விலங்கும் அவரே தருவார். ஆண்டு முழுவதும் மாவும் கொழுப்பும் துணியும் கடனாக வாங்கும் கடையும் பல இடங்களில் அவருடையதே. பருத்தி எடுத்து முடிந்ததும் விளைவில் அவருடைய பங்கு போகும். உழுதவனின் பங்கிலிருந்து கடன் கழியும். கணக்குப் புத்தகம் அவர் கையில் இருக்கும். கணக்குத் தீர்ந்தபின் உழுதவனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக் கடனே. பண்ணையாளாகவும் வாரக்குடியாகவும் உழைத்த முன்னோரை உடைய நம் அவையினர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

அப்பருத்திக் காட்டில் சிறுவர்களும் இறங்கி வேலை செய்தனர். அக்காலத்தில் டெக்சாசில் பள்ளிகள் நிறத்தின்படி சட்டத்தினாலேயே பிரிக்கப்பட்டிருந்தன. ஸ்மித் சிறுவராயிருந்தபோதே குடும்பம் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிற்குக் குடிபெயர்ந்தது. அங்கும் கூலி வேலையே. இருப்பிடம் கூலியாட்களுக்கென அமைந்த முகாம். அங்கே பருத்தியோடு திராட்சையும் பறித்தார்கள். ஊர் மாறியது, வேலை மாறவில்லை. ஆனால் ஒன்று மாறியது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வழி கிடைத்தது.

பள்ளியில் ஸ்மித் ஓடத் தொடங்கியபோது வீட்டில் ஒரு தடை எழுந்தது. பந்தயங்கள் சனிக்கிழமையில் நடக்கும். சனிக்கிழமை வயலில் வேலை நாள். ஒரு பிள்ளை ஓடப் போனால் ஒரு கை குறையும், கூலி குறையும். தந்தை யோசித்து ஒரு நிபந்தனை விதித்தாராம். முதலாவதாக வந்தால் ஓடு. இரண்டாவதாக வந்தால் அடுத்த சனிக்கிழமை வயலுக்கு வந்துவிடு என்றாராம். ஸ்மித் பிற்காலத்தில் இதனை நினைவுகூர்ந்து கூறியிருக்கிறார். அந்தத் தந்தையைக் கடுமையானவர் என்று நாம் சொல்ல மாட்டோம். பன்னிரண்டு வாய்களுக்குச் சோறு தேட வேண்டியவர், ஒரு பிள்ளையின் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

லெமூர் ஊர் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஓட்டம், கூடைப்பந்து, கால்பந்து மூன்றிலும் சிறந்து விளங்கினார். 1963இல் கலிபோர்னியா மாநிலப் பள்ளிகளின் போட்டியில் 440 கெஜ ஓட்டத்தில் 47.3 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். சான் ஹோசே அரசுக் கல்லூரி அவருக்கு உதவித்தொகை அளித்துச் சேர்த்துக்கொண்டது. கூலி முகாமிலிருந்து கல்லூரிக்குச் சென்ற வழி இதுவே.

அக்கல்லூரியின் பயிற்சியாளர் பட் வின்டர் என்பவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படை விமானிகளுக்கு உடலையும் மனத்தையும் தளர்த்தி ஓய்வு கொள்ளும் முறையைக் கற்பித்தவர் இவர். அம்முறையையே ஓட்டக்காரருக்கும் புகட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபவனைவிட, முகத் தசையும் தோளும் தளர்ந்திருக்க ஓடுபவனே விரைவாக ஓடுவான் என்பது அவர் கொள்கை. இங்கே வந்திருக்கும் விளையாட்டு மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம். ஆறடி மூன்றங்குல உயரமும் நீண்ட காலடியும் உடைய ஸ்மித்துக்கு இப்பயிற்சி மிகவும் பொருந்தியது. 1966 மே 7ஆம் நாள், கரித்துகள் பரப்பிய ஓடுபாதையில், வளைவில்லாத 200 மீட்டரை 19.5 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 44 ஆண்டுகள் நின்றது. 2010இல்தான் டைசன் கே என்பவர் அதனைக் கடந்தார். ஒரு கட்டத்தில் தொடர் ஓட்டங்களையும் சேர்த்துப் பதினோர் உலக சாதனைகள் ஸ்மித் பெயரில் இருந்தன.

இத்தனைக்கும், அவர் உலக சாதனையாளராக விளங்கிய அந்நகரில் கறுப்பின மாணவர்க்கு வீடு வாடகைக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. ஆடுகளத்தில் கைதட்டுவோர் தெருவில் கதவடைத்தனர். ஸ்மித் சமூக அறிவியல் பயின்ற மாணவர். பாடநூலில் படிப்பதையும் தெருவில் காண்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது. 1965 மார்ச்சில், தென்மாநிலமாகிய அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாகச் சான் ஹோசேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை அறுபது மைல் நடைப்பயணம் ஒன்று நடந்தது. 220 கெஜ நேர்பாதை ஓட்டத்தில் உலக சாதனையைச் சமன்செய்த கையோடு ஸ்மித்தும் அதில் சேர்ந்து நடந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. மெக்சிகோ மேடைக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி இது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே கல்லூரியில் ஹாரி எட்வர்ட்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் சமூகவியல் ஆசிரியராக வந்தார். தாமும் விளையாட்டு வீரராயிருந்தவர். 1967இன் கல்வியாண்டுத் தொடக்கத்தில், குடியிருப்பிலும் கல்லூரி வாழ்விலும் காட்டப்படும் வேற்றுமைகளைப் பட்டியலிட்டு அவரும் மாணவரும் கிளர்ச்சி செய்தனர். விளைவாக, ஆண்டின் முதல் கால்பந்துப் போட்டியையே கல்லூரி நிறுத்திவிட நேர்ந்தது. கறுப்பின வீரர்கள் இல்லாமல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு நடைபெறாது என்னும் உண்மை இரு தரப்பார்க்கும் அன்று விளங்கியது.

அந்த ஆண்டிலேயே உலகப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்காக ஸ்மித் டோக்கியோ சென்று 200 மீட்டரில் வென்றார். அங்கே செய்தியாளர் ஒருவர், உங்கள் நாட்டுக் கறுப்பின வீரர்கள் அடுத்த ஒலிம்பிக்கைப் புறக்கணிப்பார்களா என்று கேட்டார். அவ்வாறு நிகழக்கூடும் என்று ஸ்மித் விடை கூறினார். அவ்வளவே. அந்தச் சிறு விடை அமெரிக்கா முழுவதும் பரவிப் பெருங்கூச்சலை எழுப்பிற்று. வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. நன்றி கெட்டவன் என்றார்கள். 'உங்களுக்கு இத்தனை செய்தோமே' என்று தொடங்கும் அந்தப் பேச்சை நம்மவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கேட்டிருப்பர்.

1967 அக்டோபரில் 'மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம்' என்னும் அமைப்பு உருவாயிற்று. எட்வர்ட்ஸ், ஸ்மித், 400 மீட்டர் வீரர் லீ எவன்ஸ் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த ஜான் கார்லோஸ் பின்னர் வந்து சேர்ந்தார். அவர்களின் கோரிக்கைகள் தெளிவானவை. நிறவெறி அரசுகள் ஆண்ட தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் ஒலிம்பிக்கில் சேர்க்கலாகாது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக முகமது அலியிடமிருந்து பறிக்கப்பட்ட குத்துச்சண்டைப் பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். கறுப்பினப் பயிற்சியாளர்கள் மேலும் பலரை நியமிக்க வேண்டும். கறுப்பினத்தாரைப் போட்டிக்கு அழைத்துவிட்டு உறுப்பினராக மட்டும் சேர்க்காத நியூயார்க் விளையாட்டுக் கழகம் தன் போக்கை மாற்ற வேண்டும். அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் விலக வேண்டும்.

மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் இம்முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் அவர் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதத்திலேயே, பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்திருந்த ஒலிம்பிக் குழு, ஆப்பிரிக்க நாடுகளும் பிறவும் விலகிவிடும் என்னும் நிலை வரவே, தன் முடிவைத் திரும்பப் பெற்றது. கோரிக்கைகளுள் ஒன்று இவ்வாறு நிறைவேறிற்று.

புறக்கணிப்பைப் பற்றி வீரர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. இதனை மறைக்காமல் சொல்லுதல் நலம். வாழ்நாளில் ஒருமுறையே கிடைக்கும் வாய்ப்பு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டவர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்ல இயலாது. கடைசியில், போவது என்றும், எதிர்ப்பைக் காட்டும் முறையை அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிடுவது என்றும் முடிவாயிற்று. இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். இத்திட்டத்தார் பெண் வீராங்கனைகளைக் கலந்துகொள்ளவே இல்லை. 100 மீட்டரில் 1964, 1968 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற முதல் மனிதர் வயோமியா டயஸ் என்னும் கறுப்பினப் பெண். அவர் பிற்காலத்தில் இக்குறையை வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் அவர் கறுப்புக் காற்சட்டை அணிந்து ஓடினார். தொடர் ஓட்டத்தில் தாமும் தோழியரும் வென்ற தங்கத்தை ஸ்மித்துக்கும் கார்லோசுக்கும் உரிமையாக்குவதாகவும் அறிவித்தார். உரிமை பேசும் இயக்கங்கள் தம் வீட்டுப் பெண்களை மறக்கும் வழக்கம் கடல்கடந்த நாட்டிலும் இருந்தது என்பதை இங்குள்ள இளைஞர்கள் கருத வேண்டும்.

மெக்சிகோவில் அமைதி இல்லை. போட்டிகள் தொடங்கப் பத்து நாட்களே இருந்தபோது, அக்டோபர் 2ஆம் நாள், டிலாடெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள்மீது அரசுப் படைகள் சுட்டன. பலர் மாண்டனர். அத்தகைய நகரில்தான் அமைதியின் திருவிழா என்னும் பெயரால் ஒலிம்பிக் நடந்தது.

அக்டோபர் 16. 200 மீட்டர் அரையிறுதியில் ஸ்மித்துக்குத் தொடையின் உட்புறத் தசை பிடித்துக்கொண்டது. பனிக்கட்டி வைத்துக் கட்டுப்போட்டு, இறுதி ஓட்டத்திற்கு வந்து நின்றார். வளைவில் கார்லோஸ் முந்தினார். நேர்பாதையில் ஸ்மித் காலடியை நீட்டினார். எவரும் தொடர இயலவில்லை. எல்லைக் கோட்டிற்குச் சில அடி முன்னதாகவே இரு கைகளையும் உயர்த்திவிட்டார். அப்படியிருந்தும் நேரம் 19.83 விநாடி. மின்கருவிக் கணக்கில் 20 விநாடிக்குள் 200 மீட்டரை ஓடிய முதல் மனிதர் அவரே. இரண்டாமவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், 20.06. மூன்றாமவர் கார்லோஸ், 20.10.

பதக்கம் பெறப் போகுமுன் மூவரும் ஓர் அறையில் காத்திருந்தனர். அங்கேதான் ஸ்மித்தும் கார்லோசும் தம் எண்ணத்தை நார்மனிடம் கூறினர். நார்மன் சால்வேஷன் ஆர்மி என்னும் கிறித்துவ சேவை அமைப்பைச் சார்ந்த குடும்பத்தவர். உங்களோடு நானும் நிற்பேன் என்று அவர் இசைந்தார். ஓர் அமெரிக்கப் படகு வீரரிடமிருந்து இயக்கத்தின் சின்னத்தை வாங்கித் தம் மார்பில் குத்திக்கொண்டார். கையுறையோ ஒரு சோடிதான் இருந்தது. கார்லோஸ் தம்முடையதைத் தங்குமிடத்திலேயே விட்டுவந்திருந்தார். ஆளுக்கொன்றாக அணியலாமே என்று யோசனை சொன்னவரும் நார்மன்தான் என்பர். ஆகவேதான் படத்தில் ஸ்மித் வலக்கையையும் கார்லோஸ் இடக்கையையும் உயர்த்தி நிற்கக் காண்கிறோம்.

அவர்கள் காலணி அணியாமல், கறுப்புக் காலுறையோடு மேடை ஏறினர். அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். ஸ்மித்தின் கழுத்தில் கறுப்புத் துணி. அது இனத்தின் பெருமிதத்திற்கு. கார்லோஸ் அணிந்த மணிமாலை, கும்பல்களால் தூக்கிலிடப்பட்டுக் கொல்லப்பட்டோரின் நினைவுக்கு. நாட்டுப்பண் தொடங்கியதும் கைகள் உயர்ந்தன, தலைகள் தாழ்ந்தன. அப்போது தாம் இறைவனை வேண்டிக்கொண்டிருந்ததாக ஸ்மித் கூறியிருக்கிறார். அரங்கில் ஒரு கணம் அமைதி. பின்பு கூச்சலும் ஏளனமும். வென்றால் நான் அமெரிக்கன், தவறு செய்தால் மட்டும் நீக்ரோ என்று சொல்வார்கள் என அன்று அவர் செய்தியாளரிடம் கூறினார். அந்தக் கையைக் கறுப்பர் வல்லமைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளாமல், மனித உரிமைக்கான வணக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதே பிற்காலத்தில் அவர் விரும்பிச் சொன்ன விளக்கம்.

பிரண்டேஜ் சீறினார். ஒலிம்பிக்கில் அரசியலுக்கு இடமில்லை என்றார். இதே பிரண்டேஜ் 1936இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராயிருந்தவர். இட்லரின் பெர்லினைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலை எதிர்த்து நின்றவர். அங்கே மேடைகளில் உயர்ந்த நாசி வணக்கத்தைத் தடுக்க ஒன்றும் சொல்லாதவர். அமெரிக்கக் குழு முதலில் வருத்தம் மட்டும் தெரிவித்தது. அவர்களை வெளியேற்றாவிட்டால் அமெரிக்க ஓட்ட அணி முழுவதையும் விலக்குவோம் என்று மேலிருந்து மிரட்டல் வந்தது. இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஒலிம்பிக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பதக்கங்களையும் பறித்துவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படிக்கிறோம். அது உண்மையன்று; பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன.

கொந்தளித்த வீரர்களைச் சமாதானப்படுத்த அமெரிக்கக் குழு ஜெசி ஓவன்சை அனுப்பியது. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஓவன்சும் அலபாமாவில் வாரத்திற்குப் பயிரிட்டவரின் மகன். 1936இல் பெர்லினில் நான்கு தங்கம் வென்றவர். நாடு திரும்பியபின் பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடியவர். அவரே வந்து இளையோரைக் கண்டித்தார், அவர்கள் கேட்கவில்லை. 1970இல் கறுப்பின எதிர்ப்பாளரைக் கடிந்து ஒரு நூல் வெளியிட்ட ஓவன்ஸ், 1972இல் தம் கருத்து மாறிவிட்டதென்று மற்றொரு நூல் எழுதினார். மூத்தவர் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அதனை அச்சிலும் ஏற்றுவது எளிய செயலன்று. அதற்காக அவரை நாம் மதிக்கிறோம்.

இனிப் புகைப்படத்தில் இல்லாத காலம்.

ஊர் திரும்பிய ஸ்மித்துக்கு வயது இருபத்து நான்கு. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். கொலை மிரட்டல்கள் வந்தன. அவருக்கிருந்த கார் கழுவும் வேலையும் போயிற்று. உலகின் மிக விரைவான மனிதருள் ஒருவர் கார் கழுவிக் குடும்பம் நடத்தினார் என்பதையும், அதுவும் அவருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். அவருடைய தாய்க்கு அஞ்சலில் எருவும் செத்த எலிகளும் அனுப்பினார்கள் என்றும், அந்தத் துயரோடு 1970இல் அவர் மாரடைப்பால் இறந்தார் என்றும் ஸ்மித் கூறியிருக்கிறார். பிள்ளை உயர்த்திய கைக்குத் தாயும் விலை கொடுத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் 1969இல் அவர் பட்டப் படிப்பை முடித்தார். கல்விக் கழகத்தின் விழாவில் இதனை அழுத்திச் சொல்வது நம் கடமை. நாடே பகைத்து நின்றபோதும் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். பின்பு சின்சினாட்டி நகரக் கால்பந்துக் குழுவில் சில காலம் இருந்தார்; பெரும்பாலும் களத்தில் இறங்க வாய்ப்பில்லை. 1972இல் ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1835 முதலே கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்த கல்லூரி அது. சமூகவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1978 முதல் 2005இல் ஓய்வு பெறும் வரை, இருபத்தேழு ஆண்டுகள் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாக் கல்லூரியில் ஆசிரியராகவும் ஓட்டப் பயிற்சியாளராகவும் பணிபுரிந்தார். கார்லோசும் பல துன்பங்களுக்குப்பின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராகவும் மாணவர்க்கு வழிகாட்டியாகவும் வேலை செய்தார். மேடையில் நின்ற நேரத்தைவிட வகுப்பில் நின்ற நேரமே இருவர் வாழ்விலும் மிகுதி. ஆனால் அதனைப் படம் எடுத்தவர் யாருமில்லை.

நார்மனை மறந்துவிடலாகாது. அவர் தம் நாட்டில் கடுமையான கண்டனத்திற்கு ஆளானார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்கு அவரை அனுப்பவில்லை. அவர் அன்று ஓடிய 20.06 விநாடியோ ஆஸ்திரேலியச் சாதனையாக ஐம்பத்தாறு ஆண்டுகள் நின்றது. 2024 டிசம்பரில்தான் கவுட் கவுட் என்னும் பதினாறு வயது மாணவர் அதனைக் கடந்தார். 2006 அக்டோபர் 3ஆம் நாள் நார்மன் காலமானார். ஸ்மித்தும் கார்லோசும் கடல் கடந்து மெல்போர்ன் சென்று, அவர் உடல் கிடந்த பெட்டியைத் தம் தோள்மீது சுமந்தனர். 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவருக்கு இழைத்த தீங்கிற்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதைக் கேட்க அவர் இல்லை.

பாராட்டுகள் காலம் தாழ்ந்து வந்தன. 2005இல் சான் ஹோசேப் பல்கலைக்கழக வளாகத்தில் இருபதடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஸ்மித், கார்லோஸ் இருவரின் சிலையும் எழுந்தது. இரண்டாம் இடத்து மேடை வெறுமையாக விடப்பட்டுள்ளது. இது நார்மனே கேட்டுக்கொண்டது; அங்கு வருவோர் ஏறி அவர்களோடு நிற்கட்டும் என்பது அவர் விருப்பம். 2016இல் அதிபர் ஒபாமா இருவரையும் வெள்ளை மாளிகைக்கு வரவேற்றார். 2019இல், அன்று அவர்களை வெளியேற்றிய அதே அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பு, தன் புகழ்பெற்றோர் பட்டியலில் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. வெளியேற்றியதற்கும் சேர்த்துக்கொண்டதற்கும் இடையே ஐம்பத்தோர் ஆண்டுகள்.

ஒரு செய்தியோடு நாம் அமர்ந்துவிடுகிறோம். டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது, அனைத்துலகக் குழு தன் விதியைச் சற்றே தளர்த்தியது. போட்டி தொடங்குமுன் வீரர்கள் களத்தில் தம் கருத்தைக் காட்டலாம் என்றது. பதக்க மேடையில் காட்டுவதற்கான தடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.